ஃபேனுக்குத் தலை சுற்றாதா?

ஆரணிக்குப் பக்கத்தில் பட்டு நெய்யும் ஊர் ஒன்றில் 19 ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இரண்டு வயது முடிந்த பிள்ளையிலிருந்து பள்ளிக்கூடம் போகக் காத்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை வரை எல்லோரையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை இது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த நான்கு வயதுப் பையன் ஒருவன், காலையில் வந்து பையை மாட்டியதும் கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டி நிற்பான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஓட்டமாக ஓடி மேற்குச் சுவரைத் தொடுவான். அங்கே ஒரு கணம் நின்று, உடம்பைத் திருப்பாமல், பின்பக்கமாகவே ஓடிவந்து மறுபடியும் கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொள்வான். இப்படியே அரை மணி நேரம் போகும்.

நான்கு நாட்கள் அவனை அதட்டினேன். இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்துவந்து, சத்துமாவு வைத்திருக்கும் டின்களுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தேன். அவன் அழவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள், ஓடும் வழியில் இரண்டு சிறுமிகள் நின்றுவிட்டார்கள். அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போவான் என்று நான் எழுந்தேன். அவனோ நின்ற இடத்திலிருந்தே கத்தினான்: "மிதிடி! நீ மிதிச்சாத்தான வழி தெறக்கும்? வழி தெறக்காம நான் எப்பிடிப் போறது?"

அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் குறும்பு செய்யவில்லை. அவன் நாடாவாக இருந்தான். தறியில் குறுக்கே போகிற ஊடை நூலைச் சுமந்துகொண்டு, நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த நாடா. நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை மிதித்தால் பாவு இழைகளில் பாதி மேலே எழும்பும், பாதி கீழே தங்கும். நடுவில் ஒரு வழி பிறக்கும். அந்த வழியில்தான் நாடா ஓட முடியும். அடுத்த மிதியில் மேலே இருந்தவை கீழே போய், கீழே இருந்தவை மேலே வரும். அவன் திரும்பாமல் பின்பக்கமாக ஓடிவந்ததற்கும் காரணம் அதுவே. நாடாவுக்கு முன், பின் என்பது இல்லை. இரண்டு முனையும் கூராக இருக்கும், எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் அதற்கு முன்பக்கம். தறிக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் பார்த்ததை அந்தப் பிள்ளை தன் உடம்பால் யோசித்துக்கொண்டிருந்தான். நான் அந்த யோசனையை நடுவில் வெட்டி, டின்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அதை இப்போது நினைத்தாலும் மனது வலிக்கிறது.

மறுநாள் எங்கள் மைய உதவியாளரான ஆயாம்மா கொண்டுவந்த பழைய நூல் சேலைகள் இரண்டை அறைக்குக் குறுக்கே பக்கம் பக்கமாக விரித்தோம். முனைக்கு ஒரு பிள்ளையாக நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி காலைத் தரையில் தட்டினால் முதல் சேலை மேலே எழ வேண்டும், மறுபடி தட்டினால் அது இறங்கி மற்றது எழ வேண்டும். பையன் எழுந்திருக்கும் சேலைக்கு அடியில் தவழ்ந்து, இறங்கியிருக்கும் சேலையின் மேலே ஊர்ந்து போனான். கையில் ஒரு சிவப்புக் கம்பளி நூலின் முனையைக் கொடுத்திருந்தேன். நூல் இழுபட்டு இழுபட்டுக் கையைவிட்டு நழுவியது. அப்போது பேரனை அழைத்துப் போக வந்த அவனுடைய ஆயா, வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெறும் நாடா ஓடி என்னா பண்ணும் டீச்சர்? உள்ள தார் வேணாமா?" நாடாவுக்குள் வைக்கிற, ஊடை நூல் சுற்றிய சிறு குழல்தான் தார். அவர் வீட்டில் தார் சுற்றுகிறவர். கம்பளி நூலை அங்கேயே உட்கார்ந்து ஒரு சிறு உருண்டையாகச் சுற்றி, பையனுடைய சட்டைப் பையில் போட்டு, முனையை மட்டும் வெளியே இழுத்து ஆயாம்மா கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் போகப் போக உருண்டை சட்டைப் பைக்குள் உருண்டு, நூல் தானாக அவிழ்ந்துகொண்டே வந்தது. எட்டு, பத்து முறை போய்வந்த பின் எல்லோரும் குனிந்து பார்த்தோம். சிவப்பு நூல் ஒரு சேலைக்கு மேலேயும் மறு சேலைக்குக் கீழேயும், அடுத்த வரியில் மாறியும் ஓடியிருந்தது. தறி வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் அம்மாவைப் போல, டீச்சரைப் போல, டாக்டரைப் போல விளையாடுவதை நாம் ரசிக்கிறோம். செப்புச் சாமான் வாங்கித் தருகிறோம், வீட்டுக்கு வருகிறவர்களிடம் செய்து காட்டச் சொல்கிறோம். அவர்கள் ஒரு பொருளாக மாறும்போது மட்டும் அது நமக்குச் சத்தமாகவும் தொல்லையாகவும் தெரிகிறது. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகக் கவனத்தைக் கேட்கிற விளையாட்டு. தறிக்காரராக நடிக்கக் கையையும் காலையும் ஆட்டினால் போதும். நாடாவாக இருக்க வேண்டுமென்றால் வழி எப்போது திறக்கும், எது வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆளைப் பார்த்துச் செய்கிற பிள்ளை அவர் என்ன செய்கிறார் என்பதைப் படிக்கிறது. பொருளாக ஆகிற பிள்ளை அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்கிறது.

இதற்குப் பெரிய சான்று ஒன்றைப் பயிற்சி வகுப்பில் கேட்டேன். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் பிறந்தது முதல் பக்கத்தில் இருந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். அவருடைய மகள் லூசியென்னுக்கு ஒரு வயது நான்கு மாதம் ஆனபோது, ஒரு சிறு சங்கிலியைத் தீப்பெட்டிக்குள் போட்டு, விரலை விட்டுச் சங்கிலியை எடுக்க முடியாத அளவு சின்ன இடுக்கு மட்டும் விட்டுக் கொடுத்தார். குழந்தை அந்த இடுக்கையே பார்த்தது. பிறகு தன் வாயைச் சிறிது திறந்து மூடியது, இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது, இன்னும் அகலமாக. அதன் பின் விரலை இடுக்கில் வைத்து இழுத்துப் பெட்டியைத் திறந்து சங்கிலியை எடுத்துக்கொண்டது. 'திற' என்று சொல்ல அதற்கு இன்னும் சொல் வரவில்லை; வாயே அந்தச் சொல்லாக இருந்திருக்கிறது. அவருடைய பெண்களில் ஒருத்தி சற்றுப் பெரியவளான பிறகு, அவர் பக்கத்தில் விறைப்பாக நின்று மணி அடிப்பது போலச் சத்தமிட்டாளாம். அவர் கையால் வாயைப் பொத்தியபோதும் விறைப்புக் குலையாமல் அவர் கையைத் தள்ளிவிட்டு, தான் ஒரு தேவாலயம் என்று கோபமாகச் சொன்னாளாம். இதைக் கேட்ட அன்று எனக்கு எங்கள் பையனின் முகம்தான் கண்ணில் நின்றது.

நம்முடைய பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் இப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களே என்று தோன்றுகிறது. கைகளையும் ஒரு முழங்காலையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் ஐந்தாம் மாதக் குழந்தைக்குக் காற்றில் ஆடும் கீரைச் செடியின் பெயரை வைத்துச் செங்கீரைப் பருவம் என்றார்கள். குழந்தை கீரையைப் பார்த்துச் செய்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் அசைவில் ஒரு செடியின் அசைவைக் காணும் கண் அவர்களுக்கு இருந்தது. பிள்ளைகளோடு இருக்கிற எல்லோருக்கும் அந்தக் கண் வேண்டும்.

எங்கள் ஊர் மேல்நிலை நீர்த்தொட்டி மையத்துக்கு எதிரேதான் நிற்கிறது. மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி, சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில், கன்னம் புடைக்க வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிச் சுவரோரம் நின்றாள். துப்பச் சொன்னால் தலையை ஆட்டி மறுத்தாள். இந்த முறை நான் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, இப்ப நீ என்னவா இருக்க?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்ல வாய் இல்லையே. ஒரு கையை எடுத்துத் தன் காதைக் காட்டினாள். காதைத் திருகச் சொல்கிறாள் என்று புரிந்து மெல்லத் திருகினேன். உடனே உதட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாக வழிந்தது. மறுபக்கம் திருகினேன், நின்றது. வாய் காலியானதும் சொன்னாள்: "டேங்க் தீந்துபோச்சு. மோட்டார் போடுங்க."

தினமும் காலையில் வால்வைத் திறக்க வருகிறவரை அவள் பார்த்திருக்கிறாள். திறந்தால் வரும், மூடினால் நிற்கும், தீர்ந்தால் மோட்டார் போட வேண்டும் என்கிற வரிசை அவளுக்குச் சரியாகப் பிடிபட்டிருக்கிறது. அவளுக்குத் தெரியாததும் அந்த விளையாட்டிலேயே தெரிந்தது. சில நாள் கழித்து அவள் தரையில் படுத்துக்கொண்டு டேங்க்காக இருக்கப் பார்த்தாள். தண்ணீர் தொண்டைக்குள் போய்ப் புரையேறியது. எழுந்து உட்கார்ந்து, "டேங்க் படுக்கக் கூடாது" என்றாள். தொட்டியை ஏன் உயரத்தில் கட்டுகிறார்கள் என்கிற கேள்வியின் வாசலில் அவளாகவே வந்து நின்றுவிட்டாள். அன்று மாலை ஒரு பிளாஸ்டிக் குழாயையும் ஒரு சொம்பையும் கொடுத்தேன். சொம்பைத் தூக்கிப் பிடித்தால் குழாயில் தண்ணீர் ஓடுவதையும், தரைக்கு இறக்கினால் ஓட்டம் அடங்குவதையும் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள்.

பிள்ளையின் பாவனையில் உள்ள பிழையை வாயால் திருத்த வேண்டியதில்லை என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டேன். "டேங்க் அப்படி இருக்காது" என்று நாம் சொன்னால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பொருளை இன்னொரு முறை பக்கத்தில் போய்ப் பார்க்க வழி செய்தால், அடுத்த நாள் பாவனை தானாக மாறும். கேள்வி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "என்ன பண்ற?" என்றால் பிள்ளைகள் பயந்து, "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேள்வி அவர்கள் காதில் அதட்டலாகவே விழுகிறது. "நீ இப்ப என்ன?" என்றால் பதில் வருகிறது. அதைவிடச் சிறந்தது, நாமும் ஏதாவது ஒரு பாகமாகச் சேர்ந்துகொள்வது. பிள்ளை குக்கராக உட்கார்ந்தால் நம் உள்ளங்கை அதன் தலையில் வெயிட் ஆகலாம். எத்தனை விசில் வந்தால் இறக்க வேண்டும், ஆவி அடங்கும் முன் ஏன் திறக்கக் கூடாது என்பதை அதுவே நமக்குச் சொல்லும்.

பெரியவர்கள் செய்கிற ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நானும் பல ஆண்டுகள் செய்தேன். நாம் பிள்ளைகளுக்கு ஆயத்தமாகச் செய்த பாவனைகளைக் கொடுத்துவிடுகிறோம். ரயில் என்றால் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடு, 'கூ, சிக்குபுக்கு' என்று சொல். ஊட்டி மலை ரயில் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, நீராவி எஞ்சின்கள் நம் பாதைகளிலிருந்து போய் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளை தான் ஏறிய ரயிலில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்காது. காட்பாடி–விழுப்புரம் பாதையில் ஆரணி ரோடு நிலையத்தில் ஏறி ஊருக்குப் போய்வந்த ஒரு பையன், மற்றவர்கள் சிக்குபுக்கு என்று ஓடும்போது தனியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் சேர மறுக்கிறான் என்று முதலில் நினைத்தேன். கூர்ந்து பார்த்தபோது அவனுடைய தோள்கள் மெல்ல இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தன. சற்று நேரத்துக்கு ஒருமுறை உடம்பு சின்னதாகக் குலுங்கியது. நிற்கும்போது முன்னால் சாய்ந்து பின்னால் வந்தது. உள்ளே உட்கார்ந்து போனவன் அறிந்த ரயில் அது. மற்றவர்கள் செய்தது நான் கற்றுக்கொடுத்த ரயில். அன்றிலிருந்து எந்தப் பொருளுக்கும் நான் முதலில் சத்தம் சொல்லித் தருவதில்லை. மிக்ஸியின் சத்தத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. தேங்காய் அரைக்கும் சத்தமும் வெறும் ஜாராக ஓடும் சத்தமும் வேறு வேறு என்று காட்டிய பிள்ளைகள் உண்டு.

இப்போது வருகிற பிள்ளைகளிடம் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். அது எனக்குக் கவலை தருகிறது. சென்ற ஆண்டு ஒரு சிறுமி உள்ளங்கையை முகத்துக்கு முன் விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. "நீ இப்ப என்ன கண்ணு?" என்றதற்கு, "செல்லு" என்றாள். அப்படி நின்றதற்கு மேல் அவளால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நாடாவில் ஓட்டம் இருக்கிறது, தொட்டியில் நிரம்புவதும் வடிவதும் இருக்கிறது; கைப்பேசியின் வேலை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கிறது, உடம்பால் அதற்குள் நுழைய முடிவதில்லை. அதனால்தான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ராட்டினம், கிணற்று உருளை, தையல் மெஷின், சைக்கிள் செயின், அரிவாள்மனை, உரல் என்று வேலை வெளியே தெரிகிற பொருட்கள் வீட்டில் ஓடும்போது, ஆபத்தில்லாத தூரத்தில் பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்க விடுங்கள். வேலை கெடும் என்று விரட்டாதீர்கள்.

ஆபத்து என்று சொன்னது பட்டறிந்துதான். ஃபேனாக இருந்த ஒரு பையன் கைகளை விரித்துச் சுற்றிச் சுற்றி, தள்ளாடிப் போய்த் தூணில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டான். அதன் பிறகு சுற்றுகிற விளையாட்டுக்கு அறையின் நடுவில் பாய் விரித்து, பாயை விட்டு வெளியே வரக் கூடாது என்று வைத்திருக்கிறோம். மணியாக, ஊஞ்சலாக, தூளியாக ஆகப் பார்க்கிற பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கயிறு, துப்பட்டா, கொடிச் சேலை எதுவும் தொங்கக் கூடாது. பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு பலூனாக ஆகும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து பைகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளாக விளையாடுகிற பிள்ளை நடுநடுவே நம்மைத் திரும்பிப் பார்க்கும், நாளுக்கு நாள் எதையாவது மாற்றும், இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். அப்படி இல்லாமல் மாதக்கணக்கில் ஒரே அசைவைச் செய்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், வேண்டியதை விரலால் காட்டாமல், பேசிய சொற்களையும் விட்டுவிடுகிற பிள்ளையை, விளையாட்டு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வருகிறது. அவர்களிடம் காட்டினால், வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தருகிற மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். சீக்கிரம் போகிற பிள்ளைக்குப் பலனும் அதிகம். எங்கள் மையத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள்.

உதடு கிழிந்த பையன், காயம் ஆறி வந்ததும் மறுபடியும் ஃபேனாகத்தான் ஆனான். பாயில் சுற்றி விழுந்து, மல்லாந்து கிடந்தபடி மேலே ஓடும் ஃபேனைப் பார்த்து என்னிடம் கேட்டான்: "டீச்சர், ஃபேனுக்குத் தலை சுத்தாதா?"

ஃபேனுக்குக் காது இல்லை என்றேன். நம் காதுக்குள்ளே சின்னச் சின்னக் குழாய்களில் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கிறது, நாம் நின்ற பிறகும் அது சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் நமக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரில் நான்கு பொரியைப் போட்டுச் சொம்பைச் சுழற்றி நிறுத்திக் காட்டினேன். சொம்பு நின்றுவிட்டது, பொரி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் பொரியைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானத் தூக்க நேரத்தில் கரண்ட் போனது. எல்லோரும் ஐயோ என்று முனகிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது, அவன் மட்டும் படுத்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபேனின் இறக்கைகள் முதலில் ஒரே வட்டமாகத் தெரிந்து, பிறகு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றாக எண்ணும்படி மெதுவாகி, கடைசியில் ஓர் இறக்கை சற்றுப் பின்னால் அசைந்து நின்றது. "அது மெதுவா நிக்குது டீச்சர்!" என்று எழுந்தான். பாயின் நடுவில் போய் நின்று கைகளை விரித்து வேகமாகச் சுற்றினான். பிறகு வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான், இன்னும் கொஞ்சம் குறைத்தான், கைகளைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தினான்; ஃபேன் செய்தது போலவே கடைசியில் ஒரு பக்கம் லேசாகப் பின்னால் அசைந்து நின்றான். விழவில்லை. தள்ளாடக்கூட இல்லை.

கரண்ட் வரும்வரை 14 பிள்ளைகளும் மாறி மாறி அந்தப் பாயில் மெதுவாக நின்று பழகினார்கள்.